பெருநகர் வழியில் முரண்டு பிடித்த கிளட்ச்

செங்கல்பட்டிலிருந்து காலை பத்து மணிக்குப் புறப்பட்டோம். எழுபதுகளின் கடைசியில் ஒரு மே மாதம். என் வண்டி, இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய சீமைக் கார். ஒரு ரைஸ்மில் முதலாளியிடம் வாங்கியது. பின் சீட்டில் என் ஆபீஸ் நண்பர் தாவீது. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து அன்றுதான் ஆஸ்பத்திரியை விட்டு வந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி எஸ்தர். பஸ்ஸில் குலுங்க வேண்டாமென்று நான்தான் வலியப் போய்க் கூப்பிட்டேன். உத்திரமேரூர் வழியாகப் பெருநகர் என்ற அவர்கள் ஊருக்குப் போய் அவர்களை வீட்டில் விட வேண்டும்.

ஊர் எல்லை தாண்டுமுன்பே கிளட்ச் தன் வேலையைக் காட்டியது. பெடலிலிருந்து காலை எவ்வளவு மெதுவாக எடுத்தாலும் வெடுக்கென்று பிடித்தது. வண்டி முன்னால் துள்ளியது. ஓடும்போது தொல்லையில்லை. நின்று கிளம்பும்போதெல்லாம் தாவீது வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். வழியெங்கும் ஆடுகள், வைக்கோல் வண்டிகள். நிற்காமல் எப்படிப் போவது?

சாலவாக்கத்தில் பெடல் கம்பியின் நட்டைத் திருகிப் பார்த்தேன். பலனில்லை. உத்திரமேரூர் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஒரு டீக்கடை நிழலில் நிறுத்தி வண்டிக்கு அடியில் படுத்தேன். கிளட்ச் தட்டில் எண்ணெய் பட்டாலும் இப்படிப் பிடிக்கும். ஆனால் கசிவே இல்லை.

வெளியே வந்தபோது எஸ்தர் நின்றிருந்தார்.

"அண்ணா, கட்டுல ரத்தம் தெரியுது. இனிமே இவரு இதுல வர மாட்டாரு."

"கொஞ்ச நேரத்துல பாத்துடலாம்மா."

"நீங்க வண்டியப் பாருங்க. நான் இவரப் பாத்துக்கிறேன்."

உள்ளூர் டாக்டரிடம் காட்டினோம். தையல் பிரியவில்லை என்று கட்டை மட்டும் மாற்றினார். எஸ்தர் பஸ் ஸ்டாண்டில் ஒரு வாடகைக் காரைப் பேசிக் கணவரை ஏற்றிக்கொண்டு போனார். அது அலுங்காமல் கிளம்பியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டீக்கடைக்காரர் வந்தார். "இன்னா சார், பேஜார் பண்ணிக்கினு கீதா?"

சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, அவரை ஸ்டியரிங் முன் உட்கார வைத்தேன். இன்ஜினை ஓடவிட்டு, அவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி முதல் கியரில் போட்டேன்.

"எனுக்கு சைக்கிள்தான் தெரியும் சார்."

"கால மெதுவா எடுங்க, போதும்."

நான் பானெட்டைத் திறந்து வைத்துப் பார்த்தேன். அவர் காலை எடுத்ததும் இன்ஜினே ஒரு பக்கம் எம்பியது. அதைத் தாங்கும் ரப்பர் பொடிப்பொடியாய் உதிர்ந்திருந்தது. இன்ஜின் எம்பும்போது கிளட்ச் கம்பியையும் இழுத்திருக்கிறது. கிளட்ச்மேல் குற்றமே இல்லை.

பஞ்சர் கடையில் பழைய லாரி டயர்த் துண்டு கேட்டு வாங்கினேன். ஜாக்கி மேல் பலகை வைத்து இன்ஜினைத் தூக்கி, டயரை அறுத்துச் சொருகி, போல்ட்டை முடுக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கை எரிந்தது. இடுப்பு நிமிரவில்லை. வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தபோது சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. காலி சீட்டோடு பெருநகருக்கு ஓட்டினேன்.

தாவீது கட்டிலில் படுத்திருந்தார். "சரியாச்சாபா?"

"ஆச்சு."

"அப்ப தையல் பிரிக்க அதுலியே போயிடலாம்."

எஸ்தர் உள்ளே போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீரோடு வந்தார். காரின் பின் சீட்டில் ஏறிச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டார்.

"எடுங்கண்ணா."

தெருக்கோடி வரை ஓட்டினேன். நிறுத்தினேன், கிளம்பினேன், மறுபடி நிறுத்தினேன். வீட்டு வாசலுக்குத் திரும்பியபோது அவர் புடவையில் ஒரு கையகலம் ஈரம்.

"இது ரோட்டுப் பள்ளத்தால ஆனது, வண்டியால இல்ல" என்றார். மிச்சத் தண்ணீரை என்னிடம் நீட்டினார். "குடிங்க. மூஞ்சியெல்லாம் கரியா கீது."