கெடிலம் பாலத்தில் எட்டிப் பார்த்தவர்

தம்பி சரவணா, உன் உடம்பு ஊருக்கு வரவில்லை. குஜராத்தில் உன்னோடு கட்டட வேலை பார்த்தவர்களே எரித்து, சாம்பலை நர்மதையில் கரைத்துவிட்டோம் என்று போனில் சொன்னார்கள். எல்லா ஆறும் கிழக்கேதான் ஓடும், கடலூர் கடலில் போட்டால் உனக்கு வந்து சேரும் என்று அம்மா ஒரு பிடி வாய்க்கரிசியை முடிந்துகொண்டாள். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறும்போது எங்களுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

பக்கத்து சீட்டில் ஒரு லாரி டிரைவர். வெயிலில் கருத்த முகம், கழுத்தில் ஈரத்துண்டு. பாலம் வந்தால் போதும், தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்று எட்டிப் பார்ப்பார். கெடிலம் ஆற்றுப் பாலத்தில் அம்மா அவரிடம் கேட்டாள்.

"நர்மதையும் இப்டி கெழக்கால தானங்க வரும்?"

"இல்லம்மா, அது மேக்கால போவுது. நைல் நதி வடக்கால ஓடுதாம். ஆறுன்னா எப்டி வேணா ஓடும்."

"அப்ப எம்புள்ளைக்கு இந்த அரிசி போய்ச் சேராதா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாண்ணா, அத இப்ப சொல்லித்தான் ஆவணுமா?"

"தெரியாம சொல்லிட்டேன் பாப்பா."

பிறகு அவர் கையை நீட்டினார். "நாளைக்கு குஜராத்துக்குத்தான் லோடு ஏத்திக்கினு போறேன். குடுங்கம்மா, நர்மதை போய்ச் சேர்ற அந்தக் கடல்ல போட்டுடறேன். புள்ள பேரு இன்னா?"

"சரவணன்" என்றாள் அம்மா. அரிசியை வாங்கித் துண்டின் முனையில் முடிந்துகொண்டு இறங்கிப் போனார்.

போட்டாரா, தெரியாது. உன் பேரைக் கேட்டவரிடம் நாங்கள் அவர் பேரைக் கேட்கவில்லை. அந்த ஒரு பிடி அரிசி என் தம்பிக்குப் போய்ச் சேர, இதைப் படிக்கிற எல்லாரும் அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.