பலகையில் கேட்காத இரண்டு தட்டு

வெர்லீன் ஸ்டப்ஸ் இருபத்தாறு வருடங்களாகப் பயந்து வந்தது ஒரே ஒரு பொருளுக்குத்தான். எல்லோரும் வீடு திரும்பிய பிறகும் பலகையில் தனியாகத் தொங்கும் ஒரு பித்தளை டோக்கனுக்கு. ஆனால் அந்த நவம்பர் சனிக்கிழமை அவளை நடுங்க வைத்தது டோக்கன் எதுவும் தொங்காத வெறும் பலகை.

ஜார்ஜியாவின் தெற்கே எங்கள் பக்கத்தில் காடு என்றால் படைமுகாமின் காடுதான். பயிற்சி இல்லாத பகுதிகளில் ஊர்க்காரர்கள் மான் வேட்டைக்குப் போகலாம். சனி, ஞாயிறுகளில் வாசலுக்குப் பக்கத்துத் திடலில் இலக்கு வைத்துச் சுடலாம். எதற்கானாலும் முதலில் வெர்லீனின் பதிவறைக்கு வந்தாக வேண்டும். சுவரில் பெரிய பலகை. ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண், எண்ணுக்குக் கீழே ஆணிகள். காட்டுக்குள் போகிறவன் தன் டோக்கனைத் தன் பகுதியின் ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். திரும்பியதும் தன் கையாலேயே கழற்றி, மேசைப் பெட்டியில் போட வேண்டும். ஒரு பகுதியின் ஆணிகள் எல்லாம் காலியானால், "ஆள் இல்லை" என்று வெர்லீன் கையெழுத்திட்டு, சுடுதளக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்வாள். அதன் பிறகுதான் அந்தப் பக்கம் பீரங்கி பேசும்.

கழற்ற மறந்தவனுக்கு ஒரு வருடம் காடு கிடையாது. இந்த விதியில் வெர்லீன் யாருக்கும் இரங்கியதில்லை. பாதிரியாருக்கு இரங்கவில்லை. கூடப் பிறந்த தம்பிக்கும் இரங்கவில்லை.

அந்தத் தம்பியின் கதையைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. மூன்று வருடத்துக்கு முன்பு ஓடெல் காஸ்கின் மான் வேட்டையில் இருந்தபோது, மருத்துவமனையில் இருந்த அவன் மனைவி கோராலீக்கு மூச்சு அடங்கிக்கொண்டிருக்கிறது என்று செய்தி வந்தது. அவன் காட்டிலிருந்து நேராக மருத்துவமனைக்கு ஓடினான். டோக்கன் ஆணியிலேயே கிடந்தது. நாற்பது சிப்பாய்கள் நான்கு மணி நேரம் காட்டைச் சலித்தார்கள். கோராலீயை அடக்கம் செய்த மறுவாரம் வெர்லீன் தம்பியின் பெயரை அறிக்கையில் எழுதினாள். பெண்டாட்டியும் இல்லை, காடும் இல்லை என்று அந்த ஒரு வருடத்தை ஓடெல் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தே கழித்தான்.

தண்டனை முடிந்து திரும்பி வந்தான். ஆனால் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் வருவான், டோக்கனை மாட்டுவான், போவான். திரும்பி வந்து கழற்றும்போது மட்டும் விரல் முட்டியால் பலகையை இரண்டு தட்டு தட்டுவான். டக், டக். இதோ கழற்றிவிட்டேன், நன்றாகப் பார்த்துக்கொள் என்று குத்திக்காட்டும் தட்டு அது. வெர்லீனுக்கோ, தம்பியிடமிருந்து வாரம் ஒரு முறை கிடைக்கிற ஒரே பேச்சு அதுதான். அதைக் கேட்டதும் அவள் தலையை நிமிர்த்தாமலே கண்ணை மூடித் திறப்பாள். நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை நான் பதிவறையில் இருந்தது, என் கணவருக்கும் எனக்கும் இலக்குத் திடலுக்கான சீட்டு எழுத. ஏழாம் பகுதியை இரண்டரைக்குக் காலி செய்ய வேண்டும் என்று காலையிலேயே அறிவித்திருந்தார்கள். வெளி மாநிலத்திலிருந்து வந்த வார இறுதிப் படைக்கு மூன்றரைக்குப் பீரங்கிப் பயிற்சி. வெர்லீன் என்னுடைய படிவத்தில் இருந்த தப்பைத் திருத்திக்கொண்டிருந்தாள். யாரோ வந்து போன சத்தம் கேட்டது. பெட்டியில் டோக்கன் விழுந்தது. இரண்டு நாற்பதுக்கு நிமிர்ந்து பார்த்தாள். ஏழாம் எண்ணுக்குக் கீழே எல்லா ஆணியும் காலி. கையெழுத்துப் போட்டாள், தொலைபேசியில் சொன்னாள், என் சீட்டை எழுதி முடித்தாள், அப்புறம் கோப்பையில் காபி ஊற்றினாள்.

காபி வாய்க்குப் போகவில்லை.

"ஓடெல் எப்ப வந்தான்?" என்று கேட்டாள்.

"நான் கவனிக்கலையே" என்றேன்.

"தட்டுச் சத்தம் கேட்டுச்சா உனக்கு?"

"எந்தத் தட்டு?"

அவள் பெட்டியைக் கவிழ்த்தாள். 212 என்ற எண் போட்ட ஓடெலின் டோக்கன் உள்ளே இருந்தது. கழற்றியாகிவிட்டது. ஆனால் தட்டவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி ஐந்து நிமிடம்.

வெளியே எடைக் கொக்கியில் ஒரு பெண்மானைத் தொங்கவிட்டு எடை பார்த்துக்கொண்டிருந்தார் ரேன்சம் பீபிள்ஸ். ஓடெலின் பால்ய நண்பர். வெர்லீன் காபிக் கோப்பையோடு ஓடியதில் பாதி அவள் சட்டையில்.

"ரேன்சம், ஓடெலைப் பாத்தீங்களா?"

"அவன் அப்பவே போய்ட்டானே, மிஸ் வெர்லீன். மூணு குண்டு போட்டும் மான் கிடைக்கல போல. என் மூஞ்சில முழிக்க வெட்கப்பட்டு ஓடிட்டான்" என்று சிரித்தார் ரேன்சம்.

"போனதைக் கண்ணால பாத்தீங்களா?"

"வண்டிய வழக்கமா நிறுத்துற இடத்துல காணோம். அப்புறம் என்ன?"

"அப்ப அவன் டோக்கனைக் கழட்டினது யாரு?"

ரேன்சமின் சிரிப்பு நின்றது. தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பைச் சுற்ற ஆரம்பித்தார்.

"என்னோடதை எடுக்கும்போது பாத்தேன், அவனோடது தொங்கிட்டிருந்துச்சு. மறுபடியும் மறந்துட்டான் போலன்னு நினைச்சேன். நீங்க வேற உள்ள இருக்கீங்க. மறுபடி ஒரு வருசம் எழுதிடுவீங்க. இன்னொரு வருசம்னா செத்தே போயிடுவான் மேடம் அவன். அதான் என்னோடதோட சேத்து..."

வெர்லீன் யார் மேல் கோபப்படுவது? அவள் விதிக்குப் பயந்து, அவள் தம்பியைக் காப்பாற்றத்தான் அந்த மனிதர் விதியை மீறியிருந்தார்.

"அந்த மூணு குண்டு... படபடன்னு போட்டானா, விட்டு விட்டுப் போட்டானா?"

"விட்டு விட்டுத்தான். எண்ணி எண்ணிப் போட்ட மாதிரி."

"ஓடெல் ஒரு மானுக்கு ரெண்டாவது குண்டு போட்டதே கிடையாது, ரேன்சம்."

ரேன்சமின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. காட்டில் மாட்டிக்கொண்டவன் உதவிக்குக் கூப்பிடும் முறை அது. இடைவெளி விட்டு மூன்று குண்டு. இரண்டு மணி வாக்கில் நானும் அதைக் கேட்டேன். இலக்குத் திடலில் யாரோ சுடுகிறார்கள் என்று நினைத்து, படிவத்தில் பிறந்த தேதியை நிரப்பிக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க வெடிச்சத்தம் கேட்கும் ஊரில் ஒருவன் துப்பாக்கியால் கதறினால் யார் காதில் விழும்?

வெர்லீன் அறைக்குள் திரும்பி ஓடி, ஓடெலின் வீட்டுக்குப் போன் செய்தாள். பன்னிரண்டு முறை மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

"வழியில வந்துட்டிருக்கலாம்" என்றார் பின்னாலேயே வந்த ரேன்சம். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

மூன்று பதினேழு. வெர்லீன் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாள். அவள் நெஞ்சில் ஓடியது எனக்குத் தெரியும். 'ஆள் இல்லை' என்று அவள் சொன்ன வார்த்தை இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. இப்போது அதைத் திரும்ப எடுக்க வேண்டும். ஓடெல் ஏதாவது கடையில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தால்? முகாம் முழுக்கச் சிரிக்கும். வேலை போகலாம். இன்னொரு முறை தன்னைத் தேடிச் சிப்பாய்கள் காட்டைச் சலித்தார்கள் என்று தெரிந்தால் தம்பி அந்த இரண்டு தட்டையும் நிறுத்திவிடுவான். ஒருவேளை அவன் உள்ளே இருந்தால்?

எடுத்தாள். மறுமுனையில் கட்டுப்பாட்டு அறை சார்ஜென்ட் ஹாவர்மன். வந்து மூன்று மாதம் ஆன வடக்கத்திக்காரர். ஒலிபெருக்கியை அவள் அழுத்தியிருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"ஏழாம் பகுதில ஆள் இல்லைன்னு சொன்னேன். அதைத் திரும்ப வாங்கிக்கறேன்" என்றாள்.

"மேடம், நீங்க கையெழுத்துப் போட்டு முக்கா மணி நேரம் ஆகப்போகுது. ஆளைப் பாத்தீங்களா?"

"இல்ல."

"பலகைல டோக்கன் இருக்கா?"

"இல்ல. வேற ஒருத்தர் கழட்டிட்டார். என் தம்பி கழட்டியிருந்தா பலகைய ரெண்டு தட்டு தட்டுவான். இன்னைக்குத் தட்டல."

ஹாவர்மனுக்குப் பின்னால் யாரோ சிரித்தது கேட்டது.

"மேடம், எங்கேருந்தோ இருநூறு பேர் பஸ் ஏறி வந்து பீரங்கியோட நிக்கிறாங்க. உங்க தம்பி மரியாதையாத் தட்டலைன்னு நான் கர்னல்கிட்ட சொல்லணுமா? ஒரு காவலரை ஜீப்ல அனுப்பறேன், ஒரு சுத்து சுத்திட்டு வரட்டும். பயிற்சி பயிற்சியா நடக்கட்டும்."

மூன்று இருபத்தொன்று. ஏழாம் பகுதி ஜீப்பில் ஒரு சுற்று சுற்றி முடிகிற இடமல்ல என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

முகாமில் ஒரு வார்த்தை இருக்கிறது. இலக்குத் திடலுக்குப் போகிற எங்களுக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதை யார் சொன்னாலும், படைத் தளபதி சொன்னாலும் கூட்டுகிற பெண் சொன்னாலும், அத்தனை துப்பாக்கியும் அந்த நொடியே நிற்க வேண்டும். காரணம் பிறகுதான் கேட்பார்கள். வெர்லீன் அந்த வார்த்தையை வாழ்நாளில் உச்சரித்ததில்லை.

அவள் எழுந்து நின்றாள். "சீஸ் ஃபயர்" என்றாள். குரல் உடைந்தது. தொண்டையைச் செருமி மறுபடி சொன்னாள். "சீஸ் ஃபயர். ஏழாம் பகுதி. சொல்றது வெர்லீன் ஸ்டப்ஸ்."

சிரிப்பு அடங்கியது. ஹாவர்மனின் குரல் வேறு ஆளுடையதாக மாறியது. "சீஸ் ஃபயர், ஏழாம் பகுதி. கேட்டுக்கிட்டேன், மேடம்."

மூன்றரை ஆயிற்று. நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஜன்னல் கண்ணாடி அதிரவில்லை.

ஆனால் காத்திருப்பது அதைவிடக் கொடுமை. மூன்று ஐம்பதுக்கு வயர்லெஸ்ஸில் தேடப் போனவர்களின் குரல் கரகரத்தது: சாலையோரம் வண்டி எதுவும் இல்லை, ஆளும் இல்லை. நான்கு மணிக்கு யாரோ ஒரு பெரிய அதிகாரி கூப்பிட்டார். "ஆமா சார். நான்தான் சார். இல்ல சார், கண்ணால பாக்கல சார்" என்று வெர்லீன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே போனாள். போனை வைத்தாள்.

"கடவுளே, அவன் கடைலயே இருக்கட்டும்" என்று முணுமுணுத்தாள். "என்னைப் பாத்து எல்லாரும் சிரிக்கட்டும். அவன் கடைல வேர்க்கடலை தின்னுட்டே இருக்கட்டும்."

நான்கு பன்னிரண்டுக்கு மறுபடி வயர்லெஸ். "ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பச்சை பிக்கப் நிக்குது. பாதை சேறா இருந்ததால சுத்தி வந்து நிறுத்தியிருக்கார். உள்ள ஆள் இல்ல."

ரேன்சம் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். "நான் கொன்னுட்டேனே, மிஸ் வெர்லீன், நான் கொன்னுட்டேனே!"

"எந்திரிங்க. அழறதுக்கு இன்னும் நேரம் வரல" என்றாள் அவள். கண்ணீர் அவள் தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

நான்கு இருபத்தெட்டுக்குக் கண்டுபிடித்தார்கள். அடிபட்ட மானின் ரத்தத் தடத்தைத் தொடர்ந்து போன ஓடெல், பயிற்சியில் சிப்பாய்கள் வெட்டி மூடாமல் விட்ட பதுங்குகுழியில் விழுந்திருந்தான். மேலே பைன் சருகு மூடியிருந்தது. கணுக்கால் இரண்டாக முறிந்திருந்தது. உயிர் இருந்தது.

ஆம்புலன்ஸ் வெளியே போகும் வழி பதிவறை வாசல்தான். வெர்லீன் சாலை நடுவில் போய் நின்றுவிட்டாள். பின்கதவைத் திறந்தார்கள். சேறு பூசிய முகத்தோடு, வேட்டைக்கு அணியும் ஆரஞ்சு அங்கி கிழிந்து கிடந்தான் ஓடெல். அக்காவும் தம்பியும் மூன்று வருடத்துக்குப் பிறகு முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டார்கள்.

"மான் அங்க ஓடையோரம்தான் விழுந்திருக்கும்" என்றான் அவன். "எட்டுக் கிளைக் கொம்பு. இறைச்சி கெட்டுப்போறதுக்குள்ள ரேன்சமை எடுக்கச் சொல்லு."

"காலு ரெண்டா போயிருக்கு, உனக்கு மான் கேக்குதா?"

"மூணு குண்டு போட்டேன். ஒருத்தனும் வரல. அப்புறம் பீரங்கிய நெனச்சேன். என் டோக்கன் ஆணில தொங்குதே, சிஸ்ஸி இருக்காளே, அவ விடமாட்டான்னு தைரியமா இருந்தேன்."

சிஸ்ஸி. சின்ன வயதில் அவன் அவளைக் கூப்பிட்ட பெயர். அவன் நம்பியிருந்த அந்த டோக்கன் ஆணியில் இருக்கவே இல்லை என்று அவளால் அப்போது சொல்ல முடியவில்லை. குனிந்து அவன் சேற்று நெற்றியில் தன் நெற்றியை வைத்தாள்.

"அன்னைக்குக் கோராலீக்காக ஓடினவனைப் போய் எழுதினேனே" என்று விம்மினாள். "எழுதியிருக்கக் கூடாது, ஓடெல்."

அவன் சேற்றுக் கையால் அவள் சட்டை நுனியைப் பிடித்தான்.

"இன்னைக்கும் எழுதுவ இல்ல?"

"எழுதுவேன்."

"எழுது" என்றான். அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது. "எழுதலைன்னாத்தான் எனக்குப் பயமா இருக்கும்."

கதவை மூடினார்கள். வண்டி நகருமுன் வெர்லீன் விரல் முட்டியால் அதன் தகரக் கதவை இரண்டு தட்டு தட்டினாள். உள்ளேயிருந்து, பலவீனமாக, இரண்டு தட்டு திரும்பி வந்தது.

அறைக்கு வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அறிக்கையை எழுத உட்கார்ந்தாள். ரேன்சம் பீபிள்ஸ், அடுத்தவர் டோக்கனைக் கழற்றியதற்காக, ஒரு வருடம். "சரிதான் மேடம்" என்று அவரே தலையாட்டினார். ஓடெலின் பெயருக்கு நேரே, தவறு இல்லை என்று எழுதினாள். ஆனால் அவர்கள் இருவருக்கும் மேலே, முதல் வரியில், அவள் எழுதிய பெயர் வெர்லீன் ஸ்டப்ஸ்: டோக்கனைப் பார்த்தேன், ஆளைப் பார்க்காமல் கையெழுத்திட்டேன்.

மேலிடத்திலிருந்து அவளுக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. அதை அவள் பலகையின் ஓரத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டி வைத்திருக்கிறாள். இப்போது பெட்டியில் டோக்கன் விழும் சத்தம் கேட்டால் அவள் தலை தானாக நிமிர்கிறது. முகத்தைப் பார்க்காமல் யாரையும் விடுவதில்லை. காட்டிலிருந்து வருகிறவர்களும், அவள் கேட்காமலே, டோக்கனைக் கழற்றியதும் பலகையை இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் போகிறார்கள்.