எனக்கென்று சுட்ட மீன்

அன்று என் ஐம்பதாவது பிறந்தநாள். நான் கல்யாணம் கட்டாமல் தனியாக வாழ்பவள். அரிப்புக் கடற்கரையில் வாங்கிய விளைமீனுக்கு உள்ளியும் தேசிக்காயும் தடவி, மின்போறணையில் சுட்டு, ஒரு கிளாஸ் வைனும் ஊற்றி வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணனின் மனைவி உள்ளே வந்தார்.

"ஆருக்கு இந்த வைன்? தனிய இருக்கிற பொம்பிளை குடிச்சால் சனம் என்ன கதைக்கும்?"

"விருந்தாளிகள் வருகினம், மச்சாள்" என்று பயத்தில் பொய் சொன்னேன்.

"அப்பச் சரி. நல்ல கோப்பையளை எடுத்து வை" என்றார் முகம் மலர்ந்து.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு யாரும் சாப்பிட்டால் விருந்து, நான் சாப்பிட்டால் வெட்கக்கேடா?

"ஒருத்தரும் வரேல்ல. இது எனக்குத்தான்" என்றேன்.

அவர் போய்விட்டார். நான் மீனைப் பிய்த்துச் சாப்பிட்டேன். இன்றுவரை அவர் என்னோடு முகம்கொடுத்துக் கதைப்பதில்லை. நான் வெட்கப்படுவதோ, என் வீட்டிலேயே நின்று சொன்ன அந்தப் பொய்க்காக மட்டும்தான்.