சிமிட்டி மேடு

உறுவையாறு பக்கம் எங்கள் ஊர். தெருக்கோடியில் முள் மண்டிய மேடு ஒன்று உண்டு. சிமிட்டி மேடு என்பார்கள்; எங்கள் பேச்சில் சிமிட்டி என்றால் சிமெண்ட். எந்தக் காலத்திலோ ஒரு காண்டிராக்டர் சிமிட்டி மூட்டை அடுக்கிய இடம் என்று ஊரே நம்பியது. நானும்தான். ஆனால் கல்லறைத் திருநாளன்று என் அம்மா கோயில் கல்லறையில் எல்லாருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, ஒன்றை மட்டும் அந்த மேட்டில் கொண்டுபோய் வைப்பார். ஏன் என்று கேட்டால், "எங்கம்மா வச்சாங்க, நானும் வைக்கிறேன். வாய மூடிக்கினு வாடி" என்பார். அவருக்குப் பிறகு நான் வைத்தேன்.

"சிமிட்டிக்கு மெழுகுவத்தியா?" என்று தெருவே சிரித்தது.

டவுனில் நான் சமையல் வேலை பார்த்த வீட்டு அம்மாள் பிரெஞ்சு பென்ஷன் வாங்குபவர். ஒரு கல்லறைத் திருநாள் காலை, பூக்கூடையும் கையுமாக வாசலில் நின்று, "சீக்கிரம் வா, சிமித்தியேருக்கு நேரமாகுது" என்றார். சிமிட்டி வாங்கவா பூவோடு போகிறார் என்று விழித்தேன். "கல்லறையைச் சொல்றேன். பிரெஞ்சுல அப்படித்தான்" என்றார்.

கரண்டியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் மேடு சிமிட்டி இல்லை, சிமித்தியேர்; பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்துப் பேர். கோயில் பக்கம் கல்லறை வருவதற்கு முன்னால் எங்கள் சனங்களைப் புதைத்த இடம். அடுத்தவர் வயலில் உழைத்தே செத்தவர்கள். பேர் வெட்டிய கல்லுக்கு எங்கே போவார்கள்?

போன வருஷம் அந்த மேட்டில் பூங்கா வரப்போகிறது என்றார்கள். சந்தோஷம்தான். ஆனால் கழிவறைக்கு செப்டிக் டேங்க் தோண்ட வந்த பொக்லைன், மேட்டின் நட்டநடுவில் போய் நின்றது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"இன்னாமா, சிமிட்டி கொட்டன எடத்துக்கா இந்தச் சண்ட?" என்றார் எஞ்சினியர்.

"சிமிட்டி இல்ல சார், சிமித்தியேர். எங்க ஆளுங்க படுத்திருக்காங்க. அவங்க தலமாட்டுலயா கக்கூஸு கட்டுவீங்க?"

அவர் நம்பவில்லை. ஆனாலும் வண்டியை நிறுத்தச் சொல்லி, முள்ளை வெட்டி மண்ணைக் கடப்பாரையால் கிளறச் சொன்னார். ஒரு செம்புறாங்கல் தலை காட்டியது. சற்றுத் தள்ளி இன்னொன்று, அதே கோட்டில் மற்றொன்று. நாற்று நட்டதுபோல வரிசை. எஞ்சினியர் செருப்பைக் கழற்றினார். எனக்கு அழுகையும் வந்தது, நெஞ்சும் நிமிர்ந்தது.

டேங்க் ரோட்டோரமாகப் போயிற்று. கற்கள் நின்ற இடத்திலேயே நிற்க, சுற்றிலும் புல் போட்டார்கள். பூங்காவுக்குப் பெயர்ப்பலகை எழுத வந்தவர், "சிமித்தியேர்னு திருத்தி எழுதட்டுமா?" என்று கேட்டார்.

"வாணாம்பா. சிமிட்டி மேடுன்னே எழுது. பிரெஞ்சையே எங்க வாய்க்கு வளைச்சவங்க நாங்க" என்றேன்.

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு மேடு முழுக்க மெழுகுவர்த்தி. சிரித்தவர்களும் ஆளுக்கொன்று கொண்டுவந்திருந்தார்கள். பக்கத்திலேயே பிள்ளைகள் ஊஞ்சலில் கத்திக்கொண்டிருக்க, எதிர்வீட்டுக்காரி என் கையைப் பிடித்தாள். "செத்தவங்க இருக்கற எடத்துல இன்னா கூச்சல்! அதட்டுக்கா."

"புள்ளைங்க ஆடறத உக்காந்து பாக்க, உசுரோட இருந்தப்ப அவங்களுக்கு யாருடி நேரம் குடுத்தா? இப்பயாவது பாக்கட்டும்" என்றேன்.