ஈமுக்களுக்கு நான் போட்ட விளக்கு

மூன்று வருடங்களுக்கு முன், துர்கா பூஜை முடிந்த வாரம். கொல்கத்தாவின் தெற்கு ஓரத்தில் ஒரு தனியார் பறவைத் தோட்டத்தில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். சொந்த ஊர் நாமக்கல். பதினெட்டு வருடம் முட்டைக்கோழிப் பண்ணையில் குப்பை கொட்டியவன். முட்டை விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது என்ற நினைப்பு உண்டு. இப்போதும் கொஞ்சம் உண்டு.

தோட்டத்தில் இரண்டு ஜோடி ஈமு இருந்தன, முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாகத் தனித்தனி வேலி அடைப்பில். ஆளுயரம் நிற்கும், பறக்காத பறவைகள். முந்தைய குளிர்காலத்தில் சில முட்டைகள் இட்டும் ஒன்றுகூடப் பொரியவில்லை. இந்தத் தடவையும் குஞ்சு கிடைக்காவிட்டால் நான்கையும் விற்றுவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். அவற்றைச் சின்னதிலிருந்து வளர்த்த பெண்மணிக்கும் அப்புறம் அங்கே வேலை இருக்காது. அவருக்கு என் வயதுதான் இருக்கும். எல்லோரையும் போல நானும் 'தீதி', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவேன்; அவருக்கு நான் 'தாதா', அண்ணன்.

கொல்கத்தாவில் குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். வெளிச்சம் குறைந்தால் கோழி முட்டையைக் குறைத்துவிடும், அதனால் பண்ணையில் பொழுது சாய்ந்த பிறகும் விளக்கு எரியவிடுவோம். அதே வைத்தியத்தை இங்கேயும் செய்தேன். இரண்டு அடைப்பிலும் விளக்கு மாட்டி, பத்து மணி வரை எரிய வேண்டும் என்று உத்தரவு போட்டேன். சீக்கிரம் இருட்டினால்தான் இவை முட்டை வைக்கும் என்று தீதி இரண்டு தடவை சொன்னார். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்துவிட்டாரே என்று நான் சிரித்தேன்.

நவம்பர் கடைசியில் பின்பக்க அடைப்பில் கரும்பச்சையாக ஒரு முட்டை கிடந்தது. பிறகு நாலு நாளைக்கு ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளிக்கு போன் போட்டு என் விளக்கின் மகிமையைச் சொன்னேன். முன்பக்க ஜோடி மட்டும் ஏமாற்றியது. அதற்கு இன்னும் ஒரு மணி நேரம் விளக்கைக் கூட்டினேன்.

டிசம்பர் நடுவில் ஒருநாள் லேக் மார்க்கெட் பக்கம் இருக்கும் என் வீட்டு வாசல்வரை போன பிறகுதான் போனைத் தோட்டத்திலேயே மறந்தது தெரிந்தது. திரும்பி வந்தபோது ஏழு மணி. பின்பக்க அடைப்பு இருட்டாக இருந்தது. தீதியைப் பிடித்துக் கத்தினேன். அவர் தலைகுனியவில்லை.

"விளக்கு எரிஞ்சா இதுங்க வேலி ஓரமாவே நடந்துட்டு இருக்கு தாதா. சொன்னா சிரிக்கிறீங்க. ஒரு ஜோடியாவது தப்பிக்கட்டும்னு தினமும் நீங்க போனதும் அணைச்சுடுவேன். முன்பக்க விளக்கு ஆபீஸ்லேர்ந்து தெரியும், அதைத் தொட தைரியம் வரல."

முட்டை வந்தது இருட்டில் இருந்த அடைப்பில்தான் என்று அப்போதுதான் உறைத்தது. முன்பக்க விளக்கை நானே போய் அணைத்தேன். ஜனவரி கடைசியில் அந்த ஜோடியும் முட்டை வைத்தது.

ஈமுவில் அடைகாப்பது அப்பன். பின்பக்க ஆண் பறவை எட்டு வாரம் சாப்பாட்டை ஏறக்குறைய மறந்து உட்கார்ந்தது. பிப்ரவரி முடிவில் ஐந்து குஞ்சுகள், உடம்பெல்லாம் வரிவரியாக. பார்க்க வந்த முதலாளி என் முதுகைத் தட்டி, தோட்டத்தில் உள்ள எல்லாப் பறவைகளின் அடைப்பிலும் விளக்குப் போடச் சொன்னார். தீதி தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பெயர் எனக்குத்தான். ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றது.

"விளக்குதான் முட்டையைத் தடுத்துச்சுங்க. என் பேச்சைக் கேக்காம இவங்க அணைச்சதாலதான் குஞ்சு வந்துச்சு" என்றேன்.

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அடுத்த குளிர்காலத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று தீதியிடம் கேட்டார், என்னிடம் அல்ல. தீதி கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன்.

இன்றும் யாராவது எனக்கு ஒன்றைச் சொல்ல வரும்போது சிரிப்பு முந்திக்கொண்டு வரும். சரியானதைச் செய்ய ஒருவர் எனக்குப் பயந்து ஒளிந்து செய்ய வேண்டியிருந்ததே என்ற நினைப்பு வந்து அதை அடக்கிவிடும்.