கங்காணியின் கத்தரிப் பூக்கள்

ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து வந்தவள் சுருளியம்மாள். 1924-இல் அவள் புருசன் பெரியமுத்து காய்ச்சலில் கிடந்தபோது, கங்காணி சங்கையா கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துக்கே வந்து, பிரம்பால் கதவைத் தட்டி அவனைக் களைவெட்டுக்கு விரட்டினான். மூன்றாம் நாள் பெரியமுத்து செத்துப்போனான். காரியம் முடிந்த மறுவாரமே, லயத்துக்குப் பின்னால் புருசனும் பெண்டாட்டியும் கல் பொறுக்கித் திருத்திய கத்தரிப் பாத்தியையும் கங்காணி எடுத்துக்கொண்டான். ஆம்பளை இல்லாத வீட்டுக்குத் தோட்டம் எதற்கு என்றான்.

ஆனால் சுருளியம்மாளுக்குத் தெரிந்த ஒன்று கங்காணிக்குத் தெரியாது. கூட்டுத் தேனீ அங்கே கத்தரிப் பூவை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. பொன்வண்டுபோல் பச்சையாய் மினுங்கும் ஒரு குட்டித் தேனீதான் வரும். கொழுந்து பறிக்கும்போது கையில் உட்கார்ந்து வேர்வையை நக்குமே, அதுதான். பூவைக் கட்டிக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். மகரந்தம் பொலபொலவென்று உதிரும், அப்போதுதான் காய் பிடிக்கும். பாத்தியை ஒட்டிய மொட்டை மண்சரிவில் சின்னச் சின்ன வளைகள் தோண்டி அவை குடியிருந்தன. ஒரு வருசம் மழையில் சரிவு இடிந்து வளைகள் மூடிப்போக, பூத்ததெல்லாம் காய்க்காமல் கொட்டிப்போனதை அவள் பார்த்திருக்கிறாள்.

கங்காணியின் செடிகள் மொட்டுவிட்டன. பொழுது சாய்ந்து தேனீக்கள் வளைக்குள் அடைந்ததும், சுருளியம்மாள் களிமண்ணைக் குழைத்துச் சரிவு முழுக்க அப்பினாள். அதன்மேல் புல்லை வேரோடு பெயர்த்து வைத்து மிதித்தாள். நாலு சாயங்காலம் ஆயிற்று. பார்த்த கங்காணி, மண் சரியாமல் காக்கிறாள் என்று மெச்சினான்.

செடி முழுக்க ஊதாப் பூ. அநேகமாய் அத்தனையும் காம்போடு உதிர்ந்தது. சாம்பல் தூவினான், சாணி கரைத்து ஊற்றினான், கோழி அறுத்தான். பத்துச் செடிக்கு ஒரு காய், அதுவும் கோணல். பெரிய கிளார்க் வீட்டுக்குக் கூடை கூடையாய் அனுப்புவதாக அவன் வாய்விட்டிருந்தான். ஆட்கள் முன்னாலேயே கிளார்க் அவனைக் கேலி செய்தார். கடைசியில் அவனே அவள் வாசலில் வந்து நின்றான்.

“ஒங் கைக்குக் காச்சுதே, சுருளி. என்ன செய்யணும், சொல்லேன்.”

“பூத்திருக்குல்ல, பொறுத்துப் பாருங்க கங்காணி,” என்றாள். “எம் புருசனும் மூணு நாள் பொறுத்தாரு.”

அவன் முகம் கறுத்துப்போனது. மறுநாளே செடிகளைப் பிடுங்கிப் போட்டான்.

பக்கத்து வீட்டுக் கத்தரீனாளின் நாலு செடியும் அந்த வருசம் காய்க்கவில்லை. குழம்புக்கு ஒன்றுமில்லை என்று அவள் சொன்னபோது சுருளியம்மாளுக்குச் சுருக்கென்றது. இருந்தும் அப்பிய மண்ணை அவள் சுரண்டவில்லை. சங்கையா வேறு தோட்டத்துக்குப் போகும்வரை, இரண்டு மழைக்காலம், புல் வேரோடிய அந்தச் சரிவில் எங்காவது வளை திறந்திருக்கிறதா என்று தினம் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனாள்.