வெளிப் பொக்ஸுக்குப் போகாத குரல்

மைக் வயரைச் சொருகுமுன் றிஸ்லா மிக்ஸரில் அந்த மைக்குக்கான குமிழ் வரிசையின் உச்சியிலுள்ள முதல் குமிழை இடப்பக்கமாக முழுதும் திருப்பிவிடுவாள். அது ஏற்கெனவே அங்கேதான் நின்றாலும் ஒருதடவை தொட்டுப் பார்ப்பாள். குமிழ் திறந்திருக்கும்போது வயரைச் சொருகினால் ஒலிபெருக்கிப் பொக்ஸ் டமாரென்று அதிரும். மடிகளில் தூங்கும் பிள்ளைகளெல்லாம் அலறி எழும்பும்.

தொண்ணூறில் முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது மன்னாரிலிருந்து வந்த குடும்பம் அவளுடையது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. சவுண்ட் செட் வாடகைக்கு விடும் முஹ்ஸினைக் கலியாணம் முடித்து நுரைச்சோலைக்கு வந்தாள். உப்புக் காற்றில் பச்சை பூக்கும் பிளக்குகளைத் துடைப்பது அவள் வேலை. துடைத்தபடியே பார்த்துப் பழகினாள். மைக்கிலிருந்து வருவது மிக மெலிந்த மின்சாரம். முதல் குமிழ்தான் அதை வளர்க்கிறது. அங்கே குறைத்து வைத்துவிட்டுக் கடைசியிலுள்ள தள்ளு பொத்தானை உயர்த்தினால் குரலோடு இரைச்சலும் ஏறும். முதல் குமிழிலேயே அளவு மீறினால் சிவப்பு விளக்கு மினுங்கும். கிழிந்த குரலைப் பிறகு எந்தப் பொத்தானாலும் தைக்க முடியாது. இடையில் தொனியைத் திருத்தும் குமிழ்கள். அவற்றின் கீழே, குரலில் ஒரு பங்கை வேறு பொக்ஸுக்கு அனுப்பும் சின்னக் குமிழ் ஒன்று.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் பொம்பிளைகளின் கூட்டங்கள் பெருகின. மிக்ஸர் மட்டும் ஆண்கள் பக்கமே இருந்தது. இரு பக்கத்தையும் பிரிக்கும் திரைக்கு அப்பால் யார் மைக்கை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று முஹ்ஸினுக்குத் தெரியாது. ஒரு கலியாணத்தில் மைக் கூவ, அவன் கண்டபடி திருக, பொம்பிளைகள் சிரித்துத் தீர்த்தார்கள். அடுத்து வந்த பெண்கள் மதரஸாப் பரிசளிப்புக்கு, அதை நடத்தும் றைஸா சொல்லியனுப்பினாள்: "உங்கட பொஞ்சாதிய மிக்ஸரோட உள்ளுக்கு இருத்துங்க. இல்லாட்டி சிலாபத்துல வேற செட் எடுப்பம்."

"ஏலுமா புள்ள? வீட்டுக்கு ஆள் வந்தாலே குசினிக்குள்ள ஓடுற ஆள் நீ," என்றான் முஹ்ஸின்.

"மிக்ஸர் என்னைக் கதைக்கச் சொல்லாதுதானே."

"ஒருக்கா பிழைச்சா, பிறகு கேக்கப்படாது."

"ஓம்," என்றாள் றிஸ்லா. அந்த இருக்கை அவளுக்கு வேண்டியிருந்தது.

பரிசளிப்பன்று பொம்பிளைகள் மண்டபத்துக்குள், ஆண்கள் வெளியே கொட்டிலில். அவர்களுக்கும் ஒரு பொக்ஸ். றைஸாவின் குரல் வெடித்தது; றிஸ்லா முதல் குமிழைக் குறைத்துச் சமாளித்தாள். பிறகு அலீமா டீச்சர் பேச வந்தார். முகம் மூடியிருந்தார். மைக்கை நெஞ்சுக்குக் கீழே பிடித்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. றிஸ்லா குமிழைக் கூட்டினாள். பொக்ஸின் சத்தமே மைக்குக்குள் திரும்பப் புகுந்து கூவத் தொடங்கியது. உடனே குறைத்தாள்.

"மைக்குக்குப் பசிக்குது டீச்சர், கிட்டக் காட்டுங்க!" என்று யாரோ கத்த, சிரிப்பு எழுந்தது. டீச்சர் மைக்கை இன்னும் இறக்கினார். கண்கள் கொட்டில் பக்கம் போய்வந்தன.

றிஸ்லா அந்தப் பார்வையைக் கண்டாள். தன் குரல் ஆண்களுக்குக் கேட்கும் என்ற கூச்சம் அது. வெளிப் பொக்ஸுக்குக் குரலை அனுப்பும் சின்னக் குமிழை இடக்கோடிவரை திருப்பினாள். ஆனால் அதை டீச்சரிடம் யார் சொல்வது? எழும்பினாள். எல்லோர் முன்னாலும் நடந்து மேடையேறினாள்.

"டீச்சர், வெளிப் பொக்ஸைப் பூட்டிட்டன். இனி நாங்க மட்டும்தான் கேப்பம்."

"மெய்யாவா?"

"வல்லாஹி, சத்தியமா. வாய்க்குக் கிட்டப் பிடிங்க."

டீச்சர் முகத்திரையை உயர்த்தினார். றிஸ்லா ஓடிவந்து முதல் குமிழை அடியிலிருந்து மெல்லக் கூட்டி, சிவப்பு மினுங்கியதும் சற்றே இறக்கினாள். குரல் மண்டபம் முழுக்க நிறைந்தது.

திரைக்கு வெளியிலிருந்து முஹ்ஸின் கத்தினான்: "புள்ள! இங்க செத்துப்போச்சு! என்னத்தத் திருகின?"

"சாகல்ல. நான்தான் பூட்டினன்."

"திற! பள்ளிவாசல் தலைவர் கேக்கிறார்!"

"டீச்சர் முடிக்கட்டும்."

"இனி உள்ளுக்கு இருக்கிற கதையே இல்ல, சொல்லிட்டன்!"

றிஸ்லா அந்தச் சின்னக் குமிழின் மேல் விரலை வைத்துக்கொண்டாள். டீச்சர் பேசி முடிக்கும்வரை எடுக்கவில்லை.

பிறகுதான் திறந்தாள். றைஸா மைக்கைப் பிடித்தாள்: "வெளிய இருக்கிற நானாமாருக்கு! டீச்சர்ட கதை எங்களுக்கு மட்டும். இந்தச் செட்டுத்தான் அடுத்த வருசமும் வேணும். றிஸ்லாவும் உள்ளுக்குத்தான் வேணும்."

கூட்டம் முடிந்து வயர் சுற்றும்போது முஹ்ஸின் முணுமுணுத்தான்: "சொல்லிட்டுப் பூட்டியிருக்கலாம்."

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

அவன் வயரைச் சுற்றினான்.

இப்போது அவர்களிடம் இரண்டு மிக்ஸர்கள் இருக்கின்றன. பொம்பிளைகளின் கூட்டங்களுக்கு ஒன்று உள்ளே போகிறது. அதன் முன்னால் றிஸ்லா இருக்கிறாள்.